வளவை இடிக்கப் போகிறோம், காவலுக்கு இருக்கும் குடும்பம் எங்கே போகும்?

மேலவாசல் | ஐப்பசி 10, இரவு 9.40

கண்டனூர்ப் பக்கம் எங்கள் பாட்டையா கட்டிய வளவு, அதாவது முற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு. இன்றைக்கு 23 பங்கு. பத்து வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த பேச்சு போன மாதம் முடிந்து, மலேசியாவில் இருக்கும் கடைசிப் பங்காளியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தை பிறந்ததும் இடிப்பு. தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர் ஒருவர் மொத்தமாகப் பேசிவிட்டார்.

வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் ஒரு குடும்பம் 19 வருஷமாகக் காவலுக்கு இருக்கிறது. புருஷன், பெண்டாட்டி, படிக்கிற பிள்ளைகள் இரண்டு. மாதம் 3,000 ரூபாய், கரண்ட் பில் எங்களுடையது. கையில் ஐம்பதாயிரம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள் பங்காளிகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, "தைக்குள்ள பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியாதுங்களே" என்று மட்டும் கேட்டார்.

அரசாங்க வீடு ஏதாவது கிடைக்குமா? எங்கே ஆரம்பிப்பது? நான் சென்னையில் இருக்கிறேன், இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாதவன்.

பர்மாத்தேக்கு | ஐப்பசி 10, இரவு 10.15

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். 19 வருஷம் வாடகை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். அதுவே ஒரு உதவிதான். இப்போது நீங்கள் இரக்கப்பட்டு ஆறு மாசம் தள்ளிப்போட்டால், "நாங்கள் அனுபவத்தில் இருக்கிறோம்" என்று கோர்ட்டுக்குப் போனாலும் போவார்கள். எங்கள் பக்கத்து வளவில் இப்படித்தான் ஒரு வழக்கு வருஷக்கணக்கில் ஓடியது. எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

கடைக்கால் | ஐப்பசி 11, காலை 6.50

முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். காவல்காரராக எத்தனை வருஷம் இருந்தாலும் அதனால் வீட்டில் உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆறு மாசம் கூட இருந்தால் வீடு கைவிட்டுப் போய்விடாது.

இனி திட்டம். கட்டடக் குத்தகை வேலையில் இருப்பவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். கிராமம் என்றால் இப்போது ஓடுவது கலைஞர் கனவு இல்லம். 2024-25-ல் ஆரம்பித்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு என்று அறிவித்தார்கள். வீட்டுக்கு 3.50 லட்சம், அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். ஆனால் இது குடிசையில் இருப்பவர்களுக்கானது. மனைக்குப் பட்டாவும் வேண்டும்.

உங்கள் சிக்கல் வேறு. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கண்டனூரும் கோட்டையூரும் அதற்குள் போய்விட்டன. ஆகவே அங்கே இருப்பவர்களுக்குக் கிராமத் திட்டம் பொருந்தாது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் சொந்த மனையில் தானே கட்டிக்கொள்ள மானியம் உண்டு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கவனியுங்கள், அதற்கும் "சொந்த மனை" வேண்டும். மனை இல்லாதவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு. அது எங்கே காலியாக இருக்கிறது, பங்குத்தொகை எவ்வளவு என்று விசாரிக்க வேண்டும்.

அந்த அம்மாவின் பிறந்த ஊர் எது, ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மேலே பேச முடியும்.

தகரப்பெட்டி | ஐப்பசி 11, மதியம் 1.20

நான் இங்கே வாசிப்பதோடு சரி. இதற்கு மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மேலவாசல் அண்ணே, நான் அந்த மூன்றாம் கட்டுப் பிள்ளை. உங்கள் வீடு இல்லை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வேறு ஒரு வீடு. 2013-ல் இடித்தார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு, தம்பி ஐந்தாம் வகுப்பு.

பர்மாத்தேக்கு அண்ணன் வாடகை இல்லாமல் இருந்தோம் என்கிறார். சரிதான். அப்பா செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டில் ஏறி நான்கு பக்கத் தூம்புக்குழாயிலும் இலையும் அணில் கூடும் எடுத்துச் சுத்தம் செய்வார். வளவு முற்றத்தில் தண்ணீர் தேங்கினால் தூண் அடி ஊறிவிடும். கறையான் பார்ப்பது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ செட்டியார்களும் ஆச்சிகளும் வந்தால் மூன்று நாள் முன்பே எல்லாக் கதவையும் திறந்து வௌவால் விரட்டுவது. பூட்டியே கிடந்த வீடு நின்றது என்றால் ஆள் இருந்ததால் நின்றது.

கையில் கொடுத்தது இருபதாயிரம். மோசம் என்று சொல்லமாட்டேன், அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய தொகை. அந்தப் பணத்தோடு வாடகைக்கு வீடு கேட்டுப் போனோம். முதல் கேள்வி அட்வான்ஸ். இரண்டாவது கேள்வி, "என்ன ஆளுங்க?" மூன்றாவது கேள்வி வரவே இல்லை. பணம் சாப்பாட்டுக்கும் அப்பாவின் காசநோய் அலைச்சலுக்கும் போயிற்று.

அப்புறம் நாலரை மாசம் வீடு இல்லை. கோயில் மண்டபத்தில் கொஞ்ச நாள், பேருந்து நிலையத்தில் கொஞ்ச நாள். ஆண்டவன் புண்ணியத்தில் அது மாசி, பங்குனி என்று வெயில் மாதங்கள். மழை இல்லை. ரேஷனில் 20 கிலோ அரிசி சும்மா கிடைத்தது, பொங்குவதற்கு அடுப்பு வைக்க இடம் இல்லை. சிரிப்பாக இருக்கிறதா? அம்மா பலகாரக் கம்பெனி ஒன்றில் தேன்குழல் பிழியப் போனார். அங்கே இருந்த ஆச்சி, வேலை முடிந்த பிறகு பின்கட்டு அடுப்பில் உலை வைத்துக்கொள்ளச் சொன்னார். ராத்திரி ஏழு மணிக்குத் தூக்குவாளியில் சோறு வரும். அம்மா தலையில் எண்ணெய்ச் சட்டி வாசம் அடிக்கும். இன்றைக்கும் தேன்குழல் வாசம் வந்தால் எனக்குப் பசிக்கும், ஆனால் சோற்றுக்குத்தான்.

மிச்சத்தை ராத்திரி எழுதுகிறேன், வேலையில் இருக்கிறேன்.

செம்மண் | ஐப்பசி 11, மாலை 5.05

தங்கச்சி, வீடற்றோர் விடுதி என்று நகரங்களில் நடத்துகிறார்களே, அங்கே போகவில்லையா?

தகரப்பெட்டி | ஐப்பசி 11, இரவு 10.30

ஒருவர் சொன்னார் அண்ணே. அப்பா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் படுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இருமிக்கொண்டிருந்த மனுஷனைத் தனியே விட அம்மாவுக்கு மனசில்லை. குடும்பமாகத் தெருவில் நிற்பவர்களுக்கு அந்த ஏற்பாடு சரியாக அமைவதில்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். எங்களுக்கு வீடு கிடைக்க 12 வருஷம் ஆனது பணத்தால் மட்டும் இல்லை. காகிதத்தில் நாங்கள் அரண்மனையில் குடியிருந்தோம். அதுதான் காரணம்.

2011 பிப்ரவரி 28 ராத்திரி நாடு முழுக்க வீடில்லாதவர்களை எண்ணினார்கள். நடைபாதை, மண்டபம், பாலத்தடி எல்லாம் பார்த்து 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. அன்றைக்கு நாங்கள் பர்மாத் தேக்குத் தூணுக்குப் பின்னால் படுத்திருந்தோம், அந்தக் கணக்கில் வரமாட்டோம். நியாயம். அதற்குப் பிறகு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு என்று கையில் சிலேட்டு மாதிரி கம்ப்யூட்டரோடு வந்தார்கள். சுவர் என்ன? செங்கல். கூரை? ஓடு. எத்தனை அறை? வந்தவர் முகப்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவரே எண்ணிக்கொண்டார். அம்மா, "சார், நாங்க பின்கட்டுல ஒரு அறையிலதான் இருக்கோம்" என்றார். அவர் தலையாட்டினார். என்ன பதிந்தார் என்று யாருக்குத் தெரியும்?

2016-ல் கிராமத்துக்குப் பிரதமர் வீட்டுத் திட்டம் வந்தபோது அந்தக் கணக்கெடுப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கெட்டிச் சுவரோ கெட்டிக் கூரையோ இருந்தால், இரண்டு அறைக்கு மேல் இருந்தால் பெயர் தானாகவே விழுந்துவிடும். வீடே இல்லாதவர்கள் முதல் வரிசையில் தானாகவே சேர்வார்கள். நாங்கள் இரண்டாவது ரகம், எழுத்தில் முதல் ரகம். ஊராட்சியில் கேட்டபோது பட்டியலைக் காட்டி "உங்களுக்கு வீடு இருக்கே" என்றார்கள். வீடு இருந்த இடத்தில் அப்போது கருவேலஞ்செடி முளைத்திருந்தது.

மண்டபத்திலிருந்து எழுந்து ஊருணிக்கரையில் குடிசை போட்டோம். சுற்றிலும் கிடுகு, மேலே தார்ப்பாய். கரண்ட் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு அரசாங்க லேப்டாப் கொடுத்தார்கள். அதை டீக்கடையில் சார்ஜ் போட்டு, ராத்திரி தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டிமேல் தலைவைத்துப் படுப்பேன். இந்தப் பெயர் அதனால்தான். அதே பெட்டியில்தான் ரேஷன் கார்டு, அப்பாவின் மருத்துவச் சீட்டு, எங்கள் மார்க்‌ஷீட் எல்லாம். ஆதார் கார்டு பழைய கதவு எண்ணுக்குத்தான் வந்தது. வீடு இல்லை, ஆனால் தபால்காரர் எங்களைத் தெரிந்தவர். நாலு உறையையும் டீக்கடையில் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, "விலாசத்த மாத்துங்க ஆத்தா, நான் ரிட்டயர்டானா யாரு கொண்டாருவா" என்றார்.

ஊருணிக்கரை நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே நூறு வருஷம் இருந்தாலும் பட்டா கிடைக்காது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து வருஷம் அதே இடத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தோம், தப்பான கதவைத் தட்டிக்கொண்டு. அந்த ஐந்து வருஷம்தான் எனக்கு இன்னும் ஆறாதது.

பர்மாத்தேக்கு | ஐப்பசி 12, காலை 8.10

தங்கச்சி, நான் எழுதியது உங்களைச் சொல்லி இல்லை. எங்கள் வீட்டுக் காவல்காரரும் இப்படித்தான் இருந்தார், வீடு போன பிறகு எங்கே போனார் என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. அது இருக்கட்டும். இப்போது 3.50 லட்சம் கொடுக்கிறார்களே, ஒரு சின்ன வீட்டுக்கு அது போதாதா?

தகரப்பெட்டி | ஐப்பசி 12, இரவு 9.55

அண்ணே, வரிசையாகச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். தார்ப்பாய் போன திசை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். நாங்கள் அங்கே இருந்த நாட்களில்தான் விடுபட்டவர்களைச் சேர்க்கிற வீட்டுக் கணக்கெடுப்பும் நடந்திருக்கிறது. குடிசையில் ஆள் இல்லை, பெயர் ஏறவில்லை. இரண்டாவது தடவை.

ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு ஒரு கிராம உதவியாளர் பழக்கமானார். அவர்தான் சொன்னார், "ஊருணிக்கரைய விடுத்தா, ஊருக்கு மேக்க நத்தத்துல இடம் கெடக்கு, அத எழுதிக் கேளு" என்று. நத்தம் என்றால் ஊர்க் குடியிருப்பு நிலம். 2019 ஜமாபந்தியில், அதாவது வருஷாந்திர வருவாய்த் தீர்வாயத்தில், கொடுத்த மனு அதுதான். அம்மா பேரில் 3 சென்ட் பட்டா வந்தது. அதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். பட்டா கையில் இருக்கிறது, மனை எங்கே என்று தரையில் காட்ட ஆள் இல்லை. அளந்து கல் ஊன்ற 14 மாசம். அம்மா ஒரு வேலைநாளை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போவார், "இன்னைக்கு சர்வேயர் வரல" என்பார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் கல் நட்ட அன்று, அப்பா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தவர் பொழுது சாயும் வரை எழுந்திருக்கவில்லை.

அங்கே மறுபடியும் குடிசைதான் போட்டோம். 2024-ல் குடிசைக் கணக்கில் பெயர் வந்து கனவு இல்லத்துக்கு உத்தரவு கிடைத்தது.

பணம் போதுமா? மொத்தச் செலவு 5.20 லட்சம். சிமெண்டும் கம்பியும் அவர்களே கொடுத்துப் பில்லில் கழித்துக்கொண்டார்கள், அது நல்லதுதான், கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டாம். ஆனால் கட்டக் கட்டத்தான் பணம் வரும். கடைக்கால் (அஸ்திவாரம்) முடித்துப் படம் எடுத்த பிறகுதான் கடைக்கால் காசு. அதுவரை கொத்தனாருக்குச் சனிக்கிழமைக் கூலி யார் கொடுப்பது? குழுக்கடன் 80,000. என் சங்கிலி அடகில் 60,000. பலகாரக் கம்பெனி ஆச்சி முன்பணமாக 30,000 கொடுத்தார், மாதம் ஆயிரம் என்று அம்மா சம்பளத்தில் இன்னும் கழிகிறது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியது நானும் தம்பியும். செம்மண் மேடு என்பதால் மூன்றடியிலேயே கெட்டித்தரை வந்துவிட்டது, அதில் கொஞ்சம் மிச்சம். சித்தாள் வேலை முழுக்க நாங்களே.

தரைக்கு மட்டும் அம்மா பிடிவாதம் பிடித்தார், ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும் என்று. வாங்க முடியுமா? பட்டறையில் மூலை உடைந்தது, சாயம் கலங்கியது என்று ஒதுக்கி வைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். ஒன்றோடு ஒன்று சேராது. ஒரு கல்லில் பூ, பக்கத்துக் கல்லில் கட்டம், இன்னொன்றில் பாதிப் பூ. முதல் நாள் பார்க்க அசிங்கமாக இருந்தது. உமி போட்டுத் தேய்த்துத் தேய்த்து இப்போது முகம் தெரிகிறது.

போன வைகாசியில் பால் காய்ச்சினோம்.

செம்மண் | ஐப்பசி 12, இரவு 10.40

அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பட்டறையில் கை வைத்தவன். கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த மினுமினுப்புக் கண்ணாடியிடமிருந்து வருவது, பாலிஷ் இல்லை. காலால் நடக்க நடக்கத்தான் அழகு கூடும். கலங்கிய சாயமும் அப்படித்தான், பத்து வருஷத்தில் தெரியாது. அம்மாவிடம் சொல்லுங்கள், தேங்காய் எண்ணெயை ரொம்பக் கொஞ்சமாகத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். ஆசிட் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது.

(இழைக்குச் சம்பந்தமில்லாததுதான், மன்னிக்கவும்.)

கடைக்கால் | ஐப்பசி 13, காலை 7.15

மேலவாசல், தங்கச்சி எழுதியதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எடுத்துச் சொல்கிறேன். இடிப்பதற்கு முன்னால், அந்தக் குடும்பம் உங்கள் கதவு எண்ணில் இருக்கும்போதே, ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று எல்லாவற்றையும் நேர் செய்துவிடுங்கள். வீடு போன பிறகு இருப்பிடத்தை நிரூபிப்பது நாய்ப்பாடு. "இந்த வீட்டில் காவலுக்கு இருக்கிறார்கள், இவர்களுக்குச் சொந்த வீடோ மனையோ இல்லை, இன்ன தேதியில் காலி செய்ய வேண்டியிருக்கும்" என்று பங்காளிகள் ஒரு கடிதம் கொடுங்கள். அதை மனுவோடு சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரகத்தில் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். மனை கேட்கும்போது நீர்நிலையா, மேய்ச்சலா, நத்தமா என்று வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் காட்டிக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஐந்து வருஷம் மிச்சமாகும்.

"கொல்லையில் 3 சென்ட் எழுதித் தருகிறோம்" என்று மட்டும் வாய்ச்சொல் சொல்லாதீர்கள். 23 பேர் கையெழுத்து மறுபடியும் வேண்டும். அதற்குள் பிள்ளைகள் காலேஜ் முடித்துவிடுவார்கள்.

மேலவாசல் | கார்த்திகை 20, இரவு 8.30

நாற்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்தது இவ்வளவு.

பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் தங்கச்சி எழுதியதை அப்படியே போட்டேன். இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் 14 பேர் சம்மதம் என்றார்கள், மூன்று பேர் திட்டினார்கள், மற்றவர்கள் வழக்கம்போலக் கும்பிடு பொம்மை. கடைக்காரரிடம் பேசி இடிப்பை வைகாசிக்குத் தள்ளியாயிற்று. பரீட்சை முடிந்துவிடும். ரேஷன் கார்டு விசாரித்ததில் அந்த அம்மா பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டில்தான் இருக்கிறது, கல்யாணமாகி 20 வருஷம் ஆகிறது. அதைப் பிரிக்க மனுப் போட்டாயிற்று. குறைதீர் நாள் ரசீதும் கையில் இருக்கிறது.

எதிர்பாராத ஒன்று. பங்காளிகளில் வயதான ஆச்சி ஒருவருக்கு ஊர் எல்லையில் அவர் பேரில் தனியாக ஒரு மனை இருக்கிறது. "மூணு சென்டு எழுதிக் குடுக்கிறேன், எனக்கு அந்தப் பிள்ளைதான் போன படைப்புக்குக் கால் புடிச்சு விட்டுச்சு" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். வெளியாளுக்கு எழுதுவதால் குடும்பச் சலுகைக் கட்டணம் கிடையாதாம். பத்திரச் செலவை நானும் இன்னும் நான்கு பேரும் போட்டுக்கொள்கிறோம். ஆச்சி மகன் மட்டும், தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்கிறார்.

தகரப்பெட்டி தங்கச்சிக்கு ஒரு கேள்வி. இரண்டாம் கட்டுப் பின்வாசல் நிலை ஒன்றை விற்பனையிலிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறேன். நல்ல தேக்கு, மேலே கஜலட்சுமி. அவர்கள் கட்டும் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று. உங்கள் அனுபவத்தில் சரிப்படுமா?

தகரப்பெட்டி | கார்த்திகை 20, இரவு 11.05

அண்ணே, நிலை வேண்டாம். 360 சதுர அடி வீட்டில் வாசல் மூன்றடி. அந்த நிலையை வைத்தால் முன்சுவர் முழுக்க நிலைதான் இருக்கும், ஜன்னலுக்கு இடம் இருக்காது. அதை விற்று அந்தக் காசைக் கொடுங்கள், முதல் கட்டப் பில் வரும்வரை கொத்தனார் கூலிக்கு ஆகும். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், முற்றத்தில் மழைத்தண்ணி பிடிக்கிற பித்தளை அண்டா ஒன்று கொடுங்கள். எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை, எங்கள் அப்பா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார். ஐப்பசி பிறந்தால் இந்தச் சின்னத் தளத்திலும் ஏணி வைத்து ஏறி, இருக்கிற ஒரே தூம்புக்குழாயில் கை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார். உள்ளே ஒரு இலைகூட இருக்காது.

ஆச்சி மகனிடம் நாளைக்கே பேசுங்கள். அடுத்து மார்கழி, பத்திரம் போட மாட்டேன் என்பார்கள். தை என்றால் கல்யாணம், பயணம் என்று மாசி ஆகிவிடும். மனசு மாற அவ்வளவு நாள் எதற்கு? கார்த்திகை முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

மேலவாசல் | கார்த்திகை 20, இரவு 11.20

டிக்கெட் போட்டுவிட்டேன். நாளைக்குப் பல்லவன் ரயிலில் வருகிறேன்.